மூடிக்கு அடியில் இருபது பெயர்கள்

...மூடியை நான் தூக்கவே இல்லை, அதுதான் நடந்திருக்கிறது, நகல் வெளியே வந்தது, சூடாக வந்தது, அப்போதுதான் சுட்டெடுத்த ரொட்டியை வாங்குவதுபோல அதை வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தேன், ஜிப்பை இழுத்தேன், மேலங்கியை மாட்டினேன், விளக்கை அணைத்தேன், எல்லாம் செய்தேன், ஜெராக்ஸ் மெஷினின் மூடியை மட்டும் தூக்கிப் பார்க்கவில்லை, அசல் அங்கே கண்ணாடிமேல் குப்புறப் படுத்துக் கிடக்கிறது, நான் இங்கே பேருந்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து நகலைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். இல்லை, இருக்காது, இன்னொரு தடவை பார்... பார்த்தேன். நீல மையில் இருக்க வேண்டிய இருபது கையெழுத்தும் கறுப்பாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பதின்மூன்று இலக்க அடையாள எண், வீட்டு விலாசம், எல்லாம் தெளிவாக, அழகாக, ஒரு போலீஸ்காரன் ஆசைப்பட்டுக் கேட்டால்கூட இவ்வளவு ஒழுங்காக யாரும் எழுதித் தர மாட்டார்கள், ஏனென்றால் கட்டம் போட்டவள் நான். இருபத்திரண்டு வருடமாக நகராட்சியில் பதிவுச் சாளரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள், கட்டம் போடத் தெரியாமல் இருக்குமா? நகல் எடுக்காமல் எந்தக் காகிதத்தையும் கையை விட்டு விடாதே என்பதுதான் அங்கே முதல் பாடம், அந்தப் பாடம் கைக்குள் புகுந்து எலும்பாகிவிட்டது, சட்டவிரோதமான காகிதமாக இருந்தாலும் கை தானாகவே ஒரு நகல் எடுக்கிறது. இது சட்டவிரோதமும் இல்லை. அதுதான் வேடிக்கை. குடிமக்கள் மனு, சட்டப்படி உரிமை, சட்டப்படி படிவம். சட்டப்படி எங்கள் ஊரில் எத்தனையோ உண்டு.

நிறுத்துங்க, இறங்கணும் என்று எழுந்தேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "ஸ்டாப் வராம எப்படிக்கா நிறுத்தறது, ரூல்ஸ் இருக்குல்ல?" என்றார், வாயில் சிகரெட்டோடு, புகைபிடிக்காதீர் என்ற அட்டைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு. வீடுகளுக்குச் சூடு அனுப்புகிற வெப்ப நிலையத்து நிறுத்தத்தில் இறங்கியபோது மணி நாலு இருபத்தைந்து. ஐந்து மணிக்கு வாசற்காவலர் ஹம்தியா வாசலைப் பூட்டுவார். அதற்குள் இரண்டாவது மாடிக்குப் போய்... அதற்கு முன்னால் யார் மூடியைத் தூக்கினார்கள் என்பதல்லவா கேள்வி. சால்வையை வாய்க்குமேல் இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். பனிமூட்டம் என்று வானொலியில் சொல்வார்கள், பனிமூட்டத்துக்கு ருசி உண்டா? இதற்கு உண்டு, அணைத்த தீக்குச்சியை நக்கியதுபோல. எதிர்ச் சாரித் தெருவிளக்குகள் தெரியவில்லை, மஞ்சளாக ஏதோ தொங்குகிறது, அவ்வளவுதான். இந்தக் காற்றை மூன்று தலைமுறையாக இழுத்துக்கொண்டிருக்கிற எங்கள் ஊரில் ஜனங்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் தெரியுமா, எதிரெதிரே இரண்டு ஜன்னலைத் திறந்தால் நடுவே ஓடுகிற காற்றுக்கு. அது பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், சிறுநீரகம் போய்விடும், வாய் கோணிக்கொள்ளும், சாவே வரும். புகைபோக்கியால் செத்தவன் என்று யாரையும் சொல்ல மாட்டார்கள், ஜன்னலால் செத்தவர்கள் மட்டும் தெருவுக்கு நாலு பேர்.

சாஃபெத். முதலில் சாஃபெத்தான் ஞாபகத்துக்கு வருகிறார், நாலாவது வரி. எங்கள் அடுக்குமாடியில் என் படிக்கட்டிலேயே இரண்டாவது தளம், அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தில் பம்பு பார்க்கிறவர், ஓய்வுக்கு இன்னும் இரண்டே வருடம். நான் காகிதத்தை நீட்டியபோது அவர் காப்பி போட்டார், குடித்தோம், இன்னொரு தடவை போட்டார், அதையும் குடித்தோம், காகிதம் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மூன்றாவது விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. உள்ளேயிருந்து அவர் மனைவி, "அந்தாளு கையிலே பேனாவக் குடுக்காதே அஸ்மிரா, கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை யோசிக்காமக் கையெழுத்துப் போட்டாரு, அதுக்கே இன்னும் அழுதுட்டிருக்காரு!" என்று கத்தினாள். அவர் சிரிக்கவில்லை. "குளத்தோட கரை வெடிச்சிருக்கு" என்றார். "மேலே மண்ணைப் போட்டு மூடச் சொன்னாங்க. மூடினேன். நான்தான் மூடினேன்." அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பதின்மூன்று இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். கதவுவரை வந்து, "இது வேற யார் கைக்கும் போகாதுல்ல?" என்றார். நான் என்ன சொன்னேன்? என் கையைத் தாண்டாது சாஃபெத் அண்ணே. அப்படித்தான் சொன்னேன், என்ன குரலில், சாளரத்துக்குப் பின்னாலிருந்து உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்.

வேகமாக நட, வேகமாக. மூச்சு இரைக்கிறது, இரைக்கும்போது இன்னும் ஆழமாக இழுக்கிறேன், நல்லது, அப்படியே போகட்டும். அந்த மெஷின் எங்கள் மாடி முழுவதற்கும் பொது, நியாஸும் அதில்தான் நகல் எடுப்பார், நகராட்சித் தலைவரின் செயலர் நியாஸ், செய்தித்தாளில் தன் படம் வருகிற நாட்களில் தன் கையாலேயே பத்து நகல், ஓரத்தில் பாதித் தோளாக வந்திருந்தாலும் பத்து. இன்று படம் வந்திருக்கிறதா? வந்திருக்கிறது. கடவுளே, இன்று வந்திருக்கிறது, நிலையான எதிர்காலத்துக்கான பிராந்திய மாநாடு, நேற்று எங்கள் கூடத்தில்தான் நடந்தது, நூற்றிருபது பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டி, அத்தனை ஜன்னலும் சாத்தி, ஒரு அமைச்சக ஆள் நாற்பது நிமிடம் கார்பன் பற்றிப் பேசியதில் முன்வரிசையில் ஒரு அம்மாளுக்கு மயக்கம் வந்தது, தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள், வெளியே கொண்டுபோனதும் இன்னும் மோசமாகி உள்ளேயே தூக்கி வந்தார்கள். முடிவில் தலைவர் ஒரு லிண்டன் மரக்கன்று நட்டார். அதே கன்று. சென்ற வருடம் நட்டதும் அதுதான், அதற்கு முந்தின வருடமும், விழா முடிந்ததும் தோட்டக்காரர் பிடுங்கித் தொட்டியில் வைத்து விடுவார், வெளியே விட்டால் பட்டுப் போகும் என்று. சுவரில் இன்னும் அந்தப் பதாகை தொங்குகிறது, எதிர்காலம் இங்கே தொடங்குகிறது, வெள்ளம் வந்தபோது சுவரில் ஏறிய ஈரக்கறையை மறைக்க வேறு எதுவும் அந்த அளவில் கிடைக்கவில்லை. சிரி, சிரிக்கத்தான் தெரியும் உனக்கு. நியாஸ் மூடியைத் தூக்கினால் என்ன செய்வார்? கத்த மாட்டார். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. ஒரு நகல் எடுப்பார், அசலை அப்படியே திரும்ப வைப்பார். ரஸிமுக்கு அப்படித்தான் ஆயிற்று, கிரேன் ஓட்டினவன், சாம்பல் குளத்தை எதிர்த்த ஊர்வலத்தில் யாரோ எடுத்த படத்தில் முன்வரிசையில் நின்றான், யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஒரு மாதம் கழித்து மலைமேல் பம்பு வீட்டுக்கு மாற்றம், அடுத்த மாதம் அவனுடைய பதவியே தேவையில்லை என்று ஒரு தாள், அந்தத் தாளும் என் சாளரத்தில்தான் பதிவாயிற்று, நான்தான் முத்திரை குத்தினேன், எண் போட்டேன், இங்கே கையெழுத்துப் போடுங்க என்று அவனிடம் சொன்னேன். தேதி சரியா என்று பார்த்துக்குங்க என்றும் சொன்னேன்.

இந்தக் கையெழுத்து வாங்குகிற வேலைக்கு நான் எப்படி வந்தேன்? வீரத்தால் இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம். வேதியியல் வாத்தியார் திராகோ, ஓய்வு பெற்றவர், பால்கனியில் காற்றை அளக்கிற ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறவர், மனுவோடு என் சாளரத்துக்கு வந்தார். அனல்மின் நிலையத்தின் புதிய உலைக்கு நகர மன்றம் சம்மதம் தரக்கூடாது, அதைத் திறந்த கூட்டத்தில் வாக்குக்கு விட வேண்டும், அடுக்குமாடிகளின் சுவருக்குக் கம்பளி போர்த்துவதுபோல் காப்புப் பூசி, ஆற்றுநீரிலிருந்து சூட்டை இழுத்து வீடுகளுக்குத் தருகிற திட்டத்தை எடுத்துப் பேச வேண்டும், இதுதான் மனு. விஷயம் எனக்கு வேண்டியதில்லை, ஓரத்தில் இடம் விடவில்லை என்று திருப்பி அனுப்பினேன். மறுபடி வந்தார், மன்றத்தின் முழுப்பெயர் தப்பு. மறுபடி, பத்திகளுக்கு எண் இல்லை. நாலாவது தடவை, "அம்மா, என்னைவிட இதை நீங்க நல்லாப் படிச்சிருக்கீங்க, நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்" என்றார். எழுதினேன். குறை கண்டுபிடிக்கவே முடியாத ஒரு காகிதத்தை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்ற ஆசைதான், தொழில்கர்வம், வேறொன்றும் இல்லை. பிறகு மூன்றாம் படிக்கட்டு வீடுகளுக்குக் கையெழுத்து வாங்க யார் போவது என்று கேட்டார், மனுவில் இறங்கியவர்களில் அங்கே குடியிருப்பவள் நான் ஒருத்திதான். பொய்யா? கொஞ்சம் பொய். வெள்ளம் வந்த அந்த மே மாதம் மூன்று நாள் நிற்காமல் மழை கொட்டி அத்தையின் தோட்டம் கொட்டகையோடு, மாட்டோடு, வேலியோடு சரிந்து கீழ்வீட்டுக்காரர் சமையலறைக்குள் போனதே, அதற்கு ஏதாவது படிவம் இருந்ததா? பிப்ரவரியில் பிளம் மரங்கள் முட்டாள்தனமாகப் பூத்து மார்ச்சில் ஒரே ராத்திரியில் கருகியதே, மூன்று வருடமாகப் பழம் இல்லை, ஜாம் இல்லை, அந்தப் பழத்தில் காய்ச்சும் ரக்கியா சாராயம் இல்லை, ரக்கியா இல்லாத இலையுதிர்காலத்தைப் பார்த்த பிறகுதான் எங்கள் ஆண்களுக்கே வானிலையில் ஏதோ கோளாறு என்று சந்தேகம் தட்டியது. ஆனால் பயம், உண்மையான பயம், அதெல்லாம் இல்லை. இப்போது இருக்கிறதே, இதுதான். பூமிக்கு என்ன ஆகும் என்று நான் ஒருநாளும் இப்படி ஓடியதில்லை, சாஃபெத்துக்கு என்ன ஆகும் என்று ஓடுகிறேன். பதினான்காவது வரி அல்தியானா, சுகாதார நிலையத்தில் தாதி, ஐந்தாவது தளம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற வேலை, அதுவும் நகராட்சி புதுப்பிக்க வேண்டும். கையெழுத்தின் முடிவில் ஒரு சுழி போட்டிருந்தாள், திருமண அழைப்பிதழில் போடுவதுபோல. வாசலில் உட்கார்ந்திருக்கிற ஹம்தியாவின் மருமகள் அவள். மாமனாருக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா? கேட்டிருந்தால் போட்டிருக்க மாட்டாள், அதனால் கேட்கவில்லை.

நாலு நாற்பத்தொன்று. வாசற்கூண்டில் ஹம்தியா வானொலியைச் சின்னதாக வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை. எப்போதும் தூக்குவார். "என்ன அஸ்மிரா, ஆபீஸ் மேல அவ்வளவு பாசமா? நான் முப்பது வருஷமா இங்க இருக்கேன், ஒரு தடவைகூட திரும்பி வரணும்னு தோணினதில்ல." கையுறையை விட்டுட்டேன் ஹம்தியா அண்ணே. "கையுறையா." ஒரு கட்டத்தை நிரப்பினார். "போ, போய் எடுத்துக்க. மாடியில இன்னும் ஹீட்டர் சூடு இருக்கு." நியாஸ் இருக்காரா? என்றேன், படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே. "மூணு மணிக்கே போயிட்டாரு. மாநாட்டுல ரொம்பக் களைச்சிட்டாராம், பாவம், உக்காந்து உக்காந்து." மூன்று மணி, நான் நகல் எடுத்தது மூன்று ஐம்பதுக்கு, அப்படியானால்... படிகளில் ஏறும்போது, கடவுளே, பாட்டுப் பாடலாம் போலிருந்தது.

மூடியைத் தூக்கினேன். கண்ணாடி வெறுமையாக இருந்தது. சுத்தமாக, பச்சை விளிம்போடு, என் முகம் கீழிருந்து தெரிந்தது. மெஷினுக்குப் பின்னால் பார்த்தேன், கீழே மண்டி போட்டேன், தாள் தட்டை இழுத்தேன், குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன், உள்ளே நியாஸின் பாதித் தோள் மட்டும் நாலு நகல்... அப்போதுதான் மெஷினின் பொத்தானைக் கவனித்தேன், அணைத்திருந்தது, நான் அணைக்கவில்லை, அதை அணைப்பது நாலு மணிக்குச் சுற்று வருகிற ஹம்தியாவின் வேலை. சாளரத்து அறைக்குள் ஓடினேன். என் மேசைமேல், முத்திரைக்கு அடியில், குப்புற, ஒரு தாள். எடுத்தபோது விரலில் ஏதோ ஒட்டியது. நாலாவது வரி இருந்தது, சாஃபெத், பதின்மூன்று இலக்கமும். ஐந்து, ஆறு, எல்லாரும் இருந்தார்கள். பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை, என் மேசை டிராயரிலிருந்து எடுத்த வெள்ளை மையால், பெயர், எண், விலாசம், மூன்றின்மேலும் பூசி, ஊதி ஊதிக் காயவைத்தும் காயாமல், தடிப்பாக. சுழியின் வால் மட்டும் தப்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

பாவம் ஹம்தியா என்று நினைத்தேன், முட்டாள் ஹம்தியா என்றும், எடுத்துக் கிழித்துப் போட்டிருக்கலாம், நியாஸ் மேசையில் வைத்திருக்கலாம், மருமகளின் ஒப்பந்தத்துக்கு அது நல்ல உரமாக இருந்திருக்கும், செய்யவில்லை, பத்தொன்பது பேரை விட்டுவிட்டுத் தன் ஒருத்தியை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். அப்புறம்தான் மூளை, அந்தப் பதிவுச்சாளர மூளை, தன் வேலையைத் தொடங்கியது. வெள்ளை பூசிய தாள் செல்லாது. ஒரு வரி இல்லை, தாளே செல்லாது. தேவையானது எண்ணூறு, சேர்ந்தது எண்ணூற்றுப் பதினொன்று, இருபது போனால் எழுநூற்றுத் தொண்ணூற்றொன்று, நாளை கடைசி நாள், காலை ஒன்பதுக்குத் திராகோ வாத்தியார் கட்டோடு வருவார். இன்றைக்கு மறுபடி இருபது கதவைத் தட்டலாம். தட்டினால் பழைய தாள் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். சொன்னால் யார் போடுவார்கள், சாஃபெத் போடுவாரா, அவர் கதவையே திறக்க மாட்டார். ஆகவே முடிந்தது. ஒன்பது கையெழுத்து குறைவு, வருந்துகிறோம், அடுத்த வருடம் பார்க்கலாம், யார் பெயரும் எங்கும் போகாது, யாருக்கும் ஒன்றும் ஆகாது... நெஞ்சில் எதுவோ இளகியது. இதமாக இருந்தது. காலணியைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்ததுபோல இருந்தது. அது என்னவென்று புரிய ஒரு நிமிடம் ஆயிற்று, புரிந்ததும் யாராவது பார்த்திருப்பார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"அஸ்மிரா!" ஹம்தியா கீழே படிக்கட்டிலிருந்து கூப்பிட்டார். "கெடைச்சுதா?"

கெடைச்சுது.

"ரெண்டும் இருக்கா?"

இருக்கு. ஒரு விரலைக் காணோம்.

வானொலியில் யாரோ அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். "அந்த விரல் சின்னப் பொண்ணோடதும்மா" என்றார், குரல் படிக்கட்டில் முட்டி முட்டி வந்தது. "அவளுக்கு ரெண்டு குழந்தை. மத்த விரலெல்லாம் உன்னோடது. மாட்டிக்கிறதும் மாட்டாததும் உன் இஷ்டம். நான் எந்தக் கையுறையையும் பார்க்கல."

தாளை மடிக்காமல் கோப்புக்குள் வைத்து, விளக்கை அணைத்து, நடைபாதை வழியாக வந்தேன். நடைபாதை வழியாக வந்தால் சாளரத்துக்கு வெளிப்பக்கம், ஜனங்கள் நிற்கிற பக்கம். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்ததே இல்லை. எவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறார்கள், குனிந்துதான் பேச வேண்டும், திராகோ வாத்தியார் நாலு தடவையும் குனிந்துதான் பேசினார். கண்ணாடியில் அறிவிப்புகள் வரிசையாக. அடையாள அட்டை காட்டவும், சட்டப்பிரிவு பதினொன்று. முத்திரைவில்லை ஒட்டவும், பிரிவு முப்பத்திரண்டு. வேலை நேரம், பிரிவு நாலு. கடைசியில், கையால் எழுதியது: அழித்தல், திருத்தல், வெள்ளை பூசல் உள்ள ஆவணங்கள் ஏற்கப்படா. என் கையெழுத்து. அடியில் பிரிவு எண் இல்லை. குனிந்து பார்த்தேன், மங்கிப் போயிருக்கலாம் என்று விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். எண் எழுதப்பட்டிருக்கவே இல்லை. யார் எழுதச் சொன்னது? பழைய மேலதிகாரியா? இல்லை, அவர் எதையும் எழுதச் சொன்னவர் இல்லை, எழுதியதெல்லாம் சாட்சி என்பார். பிறகு?... ஒரு கிழவர். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம், வெள்ளை பூசிய ஒரு நிலப் பத்திரத்தை நான் திருப்பித் தந்தேன், ஏனென்று எனக்கே தெரியாமல், அவர் கண்ணாடியில் முஷ்டியால் குத்தினார், எங்கே எழுதியிருக்கு, காட்டு, எங்கே எழுதியிருக்கு என்று கத்தினார், எனக்கு இருபத்தொன்பது வயது, முத்திரை கையிலிருந்து கீழே விழுந்தது, மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்பே வந்து, யாரும் இல்லாதபோது, அதை எழுதி ஒட்டினேன், இனி யாராவது கேட்டால் விரலால் காட்ட ஏதாவது இருக்கட்டும் என்று. அதற்கப்புறம் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன்... அப்படி ஒரு பிரிவே இல்லையென்றால் தாள் செல்லும், போவது ஒரு வரிதான், எண்ணூற்றுப் பத்து...